லாபம் கூடியது, விலை விழுந்தது

போன வாரம் பேரன் வந்திருந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே செல்போனை வைத்துக்கொண்டு, இரண்டு வாய்க்கு ஒரு தரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். பாக்கெட் மணியில் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியின் பங்கு பத்து வாங்கியிருக்கிறானாம். அன்றைக்கு அந்தக் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட்.

"தாத்தா, லாபம் கூடியிருக்கு. வருமானமும் கூடியிருக்கு. ஆனா பங்கு மட்டும் ஏன் தாத்தா விழுது? நீங்க பாங்க்ல இருந்தீங்கல்ல, சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியை 2003இல் மேற்கு மாம்பலத்தில் ஒரு சப்-புரோக்கர் ஆபீஸில் நின்றுகொண்டு நான் கேட்டேன். அன்றைக்கு அந்த ஆபீஸில் பதில் சொல்ல யாரும் இல்லை. எனக்குப் பதில் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். நடுவில் கொஞ்சம் பங்குச் சந்தை வரலாறும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993இல் இருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் பங்கு வாங்குவது என்றால் காகிதம். பிராட்வே, செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடம். அதைச் சுற்றி ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒரு தரகர் ஆபீஸ். பங்கை விற்க வேண்டும் என்றால் பீரோவிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து, டிரான்ஸ்ஃபர் டீடில் கையெழுத்துப் போட்டு, தரகரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். கையெழுத்து கொஞ்சம் கோணலாகிவிட்டால் 'பேட் டெலிவரி' என்று திரும்பி வரும். பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். கம்பெனிகள் ரிசல்ட் வெளியிடுவதும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம்தான். அதை நாம் பார்ப்பது மறுநாள் காலைப் பேப்பரில், காபியோடு.

அந்த 1993 பிப்ரவரியில், ஒரு தரகர் ஆபீஸ் வாசலில் புதுப் பங்கு விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அதில் ஒன்று இன்ஃபோசிஸ். 1981இல் ஏழு இன்ஜினீயர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 95 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முந்தைய வருஷம் வரை பங்குக்கு என்ன விலை வைக்கலாம் என்பதை டெல்லியில் ஒரு கன்ட்ரோலர் ஆபீஸ் தீர்மானித்தது. 1992இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம்தான் ஹர்ஷத் மேத்தா விவகாரமும் வெடித்தது. ஜனங்களுக்குப் பயம் போகவில்லை. "பத்து ரூபாய்ப் பங்குக்கு எண்பத்தைந்து ரூபாய் பிரீமியமா? ஃபாக்டரி கிடையாது, மெஷின் கிடையாது" என்று நான்கூடப் பேசினேன். படிவத்தின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியதாக ஞாபகம்.

அந்த வெளியீட்டுக்கு முழுதாக விண்ணப்பம் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி அதே விலைக்கு 13 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. ஜூனில் சந்தைக்கு வந்தபோது 145 ரூபாய். அன்று 9,500 ரூபாய் போட்டு 100 பங்கு வாங்கி, எதையும் விற்காமல் வைத்திருந்தவரிடம், போனஸும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து 2018இல் 1,02,400 பங்குகள் இருந்திருக்கும். இந்தக் கணக்கை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பெருமூச்சோடு சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டேன். ஆனால் என் கதை அதுவல்ல. வாங்காமல் விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாது, விட்டேன், அவ்வளவுதான். தெரிந்து வாங்கி, பிறகு செய்த காரியம்தான் கதை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் எல்லாமே வேகமாகிவிட்டது. 1994 நவம்பரில் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டர் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. 1996இல் டீமேட் வந்தது. பீரோ காலியாயிற்று. ஆறு மாத ரிசல்ட் போய், மூன்று மாதத்துக்கு ஒரு ரிசல்ட் கட்டாயமாயிற்று. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. இந்தியாவில் பதிவான கம்பெனி ஒன்று அங்கே நுழைந்தது அதுவே முதல் தடவை. ராத்திரி நாஸ்டாக் ஏறினால் காலையில் நம் ஊர் சாஃப்ட்வேர் பங்குகளும் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கப் போகும்போதே "நாஸ்டாக் எப்படி?" என்று கேட்பார்.

1999 கடைசியிலும் 2000 தொடக்கத்திலும் நடந்த கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெயரில் 'சாஃப்ட்வேர்', 'இன்ஃபோடெக்' என்று இருந்தால் போதும். அப்போது ஒரு நாளைக்கு 8 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வரம்பு இருந்தது. தினம் காலையில் 8 சதவீதம் ஏறி அப்படியே பூட்டிக்கொள்ளும். விற்க ஆள் இருக்காது. இன்ஃபோசிஸ் பங்கு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. 2000 மார்ச் 10ஆம் தேதி நாஸ்டாக் 5,048இல் முடிந்தது. அதுதான் உச்சி. 2002 அக்டோபரில் அது 1,114. நம் ஊரிலும் அதே சறுக்கல்தான். 2001 மார்ச்சில் கேதன் பரேக் கைதானதும், மீதி இருந்த நம்பிக்கையும் போயிற்று.

அந்த மார்ச்சில்தான் நான் வேலையிலிருந்து வெளியே வந்தேன். அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். திட்டம் கொண்டுவந்தார்கள் அல்லவா? ஒரு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அதில் நானும் ஒருவன். 28 வருஷ சர்வீஸ், வயது 51. பெரும் பகுதியை டெபாசிட்டில் போட்டேன். பெண் கல்யாணத்துக்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தேன். டெபாசிட் வட்டி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கையில் வேலையும் இல்லை. காலையில் பத்து மணிக்கு எங்கேயாவது போய்ப் பழகிய உடம்பு.

போக ஓர் இடம் கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடியில் சப்-புரோக்கர் ஆபீஸ். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு டி.வி. நாற்காலியில் பெரும்பாலும் என்னைப் போல ரிட்டயர் ஆனவர்கள். ஒருவர் பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். ஒருவர் பெட்டி நிறையப் பேப்பர் கட்டிங் வைத்திருப்பார். சந்தை 9.55க்குத் திறக்கும். "தம்பி, அதைக் கொஞ்சம் காட்டுப்பா" என்றால் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன் காட்டுவான். எஃப்1 தட்டினால் வாங்கலாம், எஃப்2 தட்டினால் விற்கலாம். டிரான்ஸ்ஃபர் டீட், கையெழுத்து, தபால் எல்லாம் போய், ஒரு விசை மட்டும் மிச்சம்.

நான் கண்டபடி வாங்கவில்லை. 2000இல் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியில் கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டவன். ஆகவே இந்தத் தடவை நல்ல கம்பெனியாகப் பார்த்து, ஆண்டறிக்கை படித்து, 2002 கடைசியிலும் 2003 தொடக்கத்திலுமாக இன்ஃபோசிஸ் 50 பங்கு வாங்கினேன். சராசரி 4,500 ரூபாய். மொத்தம் 2,25,000. எந்தப் பணம் தெரியுமா? கல்யாணத்துக்கு ஒதுக்கியது. "அடுத்த வருஷத்துக்குள் வரன் அமையும், அதற்குள் இதுவும் கொஞ்சம் வளரட்டும்" என்று நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

2003 ஏப்ரல் 10, வியாழக்கிழமை. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே ரிசல்ட் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகளில் முதலில் வந்தது இன்ஃபோசிஸ் ரிசல்ட்தான். அதைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளின் நிலைமையை ஊகிப்பார்கள். அதனால் நாற்காலி எல்லாம் நிறைந்து, சில பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முடிந்த வருஷத்தின் வருமானம் 2,604 கோடியிலிருந்து 3,623 கோடி. லாபம் 808 கோடியிலிருந்து 958 கோடி. "பிரமாதம்!" என்றார் பிளாஸ்க்காரர்.

மணி 9.55 ஆயிற்று. திரையில் விலை கீழே திறந்தது. இன்னும் கீழே போயிற்று. 8 சதவீத வரம்பு எங்கே போயிற்று என்று பார்த்தேன். அது 2001இலேயே மாறிவிட்டது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் நடக்கும் பங்குகளுக்குத் தனி வரம்பே கிடையாது. தடுக்க எதுவும் இல்லை. முந்தின நாள் 4,100 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு 3,700, 3,500, 3,300 என்று இறங்கியது. சத்யம், விப்ரோ எல்லாமே கூடவே இறங்கின.

"லாபம் கூடித்தானே இருக்கு? எதுக்கு விழுது?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.வி.யில் ஒரே ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது: 'கைடன்ஸ்'. வரும் வருஷம் எப்படி இருக்கும் என்று கம்பெனியே முன்கூட்டிச் சொல்லும் மதிப்பீடு. வருமானம் வளரும், ஆனால் வாடிக்கையாளர்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், லாபம் அதே வேகத்தில் வளராது என்று சொல்லியிருந்தார்கள்.

பதினொரு மணி இருக்கும். என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. என் மனதில் இன்ஃபோசிஸ் இல்லை, கைடன்ஸ் இல்லை. ஒரு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது பையில் பணம் இல்லாமல் நிற்பது மாதிரி ஒரு காட்சி. "தம்பி, வித்துடு" என்றேன். "அம்பதுமா சார்?" என்றான். "அம்பதும்." எஃப்2. 3,150க்குப் போயிற்று. இரண்டே காலில் 1,57,500. நஷ்டம் 67,500. அந்தக் காலத்தில் அது எனக்கு எத்தனை மாதப் பென்ஷன் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

சந்தை முடியும்போது பங்கு 3,000 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒரே நாளில் சுமார் 27 சதவீதம். அந்த ஏப்ரல் 1ஆம் தேதிதான் டி+2 முறை வந்திருந்தது. விற்றால் இரண்டாவது வேலைநாளில் கணக்கு முடிந்துவிடும். 1993ஆக இருந்தால் பீரோவைத் திறந்து, சர்ட்டிபிகேட்டைத் தேடி, பஸ் ஏறி பிராட்வே போவதற்குள் என் பதற்றம் பாதி தணிந்திருக்கும். வீட்டில் அவளும் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டிருப்பாள். வேகம் நல்லதுதான். ஆனால் யோசிக்கக் கிடைத்த அந்த ஒரு பஸ் பயணத்தை அது எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த வாரங்களிலும் பங்கு இன்னும் இறங்கியது. "நல்லவேளை, விற்றோம்" என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அது கொஞ்ச நாள்தான். பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. 2004 ஏப்ரலில் அடுத்த ஆண்டு ரிசல்ட் வந்தது. 'லாபம் வேகமாக வளராது' என்று சொன்னவர்களின் லாபம் 1,243 கோடி. 30 சதவீதம் வளர்ச்சி. பங்குக்கு 100 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட், ஒரு பங்குக்கு மூன்று போனஸ். போனஸுக்கு முன்பு விலை ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது. நான் வாங்கிய விலைக்கும் மேலே.

2004 ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். கணக்குப் பார்த்தபோது பணம் இடித்தது. அப்போதுதான் வீட்டில் சொன்னேன். அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, கம்பெனி நல்ல கம்பெனிதான். கல்யாணத்துக்கு வெச்ச பணத்தை எதுக்குங்க அதுல போட்டீங்க?" என்றாள். மறுநாள் தன்னுடைய இரட்டை வடச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தாள். அவள் அம்மா போட்டது. அதை உருக்கித்தான் பெண்ணுக்கு நகை செய்தோம். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

இனி பேரன் கேள்விக்கு வருகிறேன். விலை ஏன் விழுந்தது? 958 கோடி லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பங்குக்குச் சுமார் 145 ரூபாய். 4,100 ரூபாய் விலை என்றால் அது 28 மடங்கு. 28 மடங்கு கொடுத்தவர்கள் யாரும் அந்த 145 ரூபாய்க்காகக் கொடுக்கவில்லை; அது வேகமாக வளர்ந்துகொண்டே போகும் என்று நம்பிக் கொடுத்தார்கள். கம்பெனி 'கொஞ்சம் மெதுவாகப் போவோம்' என்றது. அதே 145 ரூபாய்க்கு அன்று மாலை ஜனங்கள் 21 மடங்குதான் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். லாபத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எதிர்பார்ப்புதான் குறைந்தது. ரிசல்ட் நாளில் விலை மாறுவது கம்பெனி என்ன சம்பாதித்தது என்பதற்காக அல்ல. ஜனங்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததற்கும் வந்த செய்திக்கும் உள்ள இடைவெளிக்காக.

இது அந்த ஒரு நாளோடு முடியவில்லை. 2013 ஜனவரி 11ஆம் தேதி இதே பங்கு ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் ஏறியது. எதிர்பார்த்ததைவிட நல்ல ரிசல்ட். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12ஆம் தேதி, 21 சதவீதம் விழுந்தது. அந்த வருஷ கைடன்ஸ் குறைவு. மூன்று மாதத்தில் ஒரு கம்பெனி அவ்வளவு நல்லதாகவும் ஆகாது, அவ்வளவு கெட்டதாகவும் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய 5,000 கோடிக்கு மேற்பட்ட ரொக்கம் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் பங்கு முக்கால் பங்குக்கு மேல் போயிற்று. அங்கே வருஷக்கணக்கில் ரிசல்ட் அழகாகவே வந்துகொண்டிருந்தது. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். "இந்த வருஷம் வியாபாரம் கொஞ்சம் மந்தமாக இருக்கும் சார்" என்று முன்னாலேயே வந்து சொல்லும் வாடிக்கையாளரைத்தான் நாங்கள் நம்புவோம். எப்போதும் அமோகம் என்பவரின் கணக்கை இரண்டு தரம் பார்ப்போம். 28 வருஷம் செய்த அந்த வேலையை, 2003 ஏப்ரல் 10ஆம் தேதி காலையில் சுத்தமாக மறந்துபோனேன். கல்யாணப் பணம் என்ற பயம் மறக்கடித்தது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். மடங்குக் கணக்கை உடனே பிடித்துக்கொண்டான். பிறகு "நான் இப்ப விக்கணுமா, வெச்சுக்கணுமா தாத்தா?" என்றான்.

"அது எனக்குத் தெரியாதுடா. இந்தப் பணம் உனக்கு எப்ப வேணும்?"

"இப்ப ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப போனை வெச்சுட்டு ரசத்தைச் சாப்பிடு. ஆறுது."

பரிமாறிக்கொண்டிருந்த என் பெண் சிரித்தாள். அவள் கழுத்தில் அந்தப் பழைய தங்கத்தில் செய்த சங்கிலிதான் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஏன் வந்தது என்று இதைப் படித்தால்தான் தெரியும்.